கட்டிப்போட்ட நாற்காலிகள்

நாற்பத்தேழு வயதில் காமிக்ஸ் படிக்கிற ஆளுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்குமோ, அந்த மரியாதையோடுதான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பினேன். மாநாட்டுக்கு எந்த ஊரில் போய்த் தங்குவது என்று மனைவி கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். "நல்லதாப் போச்சு. கோயிலுக்குப் போயிருக்கறாருன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கறேன்" என்றாள்.

மாநாடு என்பது நாங்களே வைத்துக்கொண்ட பெயர். தமிழ் காமிக்ஸ் பித்துப் பிடித்தவர்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஊரில் கூடுவோம். பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்வோம். மாற்ற மனமில்லாதவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட விடாமல் தூரத்திலிருந்து காட்டுவோம். எந்த ஊரில் கூடுகிறோமோ அந்த ஊர்க்காரர்தான் அன்றைக்குப் பெண் வீட்டுக்காரர். அவர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். அப்புறம் மேசை மேசையாகப் போய், ஒவ்வொருவர் கொண்டுவந்ததையும் கையில் வாங்கிப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு மேசையை விட்டுவிட்டாலும் போதும், அந்த ஆள் அடுத்த மாநாடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த முறை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பொறுப்பு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். ராஜபாளையத்தில் பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. மண்டபத்துக்காரர் வீட்டிலேயே ஒரு நிச்சயதார்த்தமாம். வருகிறவர்கள் எல்லாம் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. "முன்கூட்டியே வந்துருடே கொமரேசா, வேற எடம் பாக்கணும்" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிட்டார் என்று நான் யோசிக்கவில்லை. வேலைவெட்டி இல்லாதவன் யார் என்பதில் எங்கள் குழுவில் கருத்து வேறுபாடே கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றுகொண்டிருந்தார். பஸ் படிக்கட்டைப் பார்த்துக் கைகளை விரித்தார். நானும் விரித்தேன். அவர் எனக்கு முன்னால் இறங்கிய ஒரு மருந்துக் கம்பெனி ஆளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "என்னடே இப்பிடி மெலிஞ்சு போனே?" என்றார்.

நான் மெலிந்து போனதாக யாரும் சொல்லி இருபது வருடம் இருக்கும். மருந்துக்காரர் பையைக் கீழே போடவும் முடியாமல், விலகவும் முடியாமல் அண்ணாச்சியின் தோளுக்கு மேலே முழித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் நான் செய்கிற குறும்பை எனக்கே திருப்பிச் செய்கிறார் என்று நினைத்து, நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். சிரிப்பு வந்த பக்கம் அண்ணாச்சியின் முகம் திரும்பியது. கைகள் தளர்ந்தன. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி சிரிக்கவில்லை.

வீட்டில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அவியலும் வைத்தார் மதினி. எங்கள் ஊரில் குழம்பு என்பது சோற்றை நனைப்பதற்கு. இங்கே அது நாக்கை எழுப்பி உட்கார வைப்பதற்கு. கண்ணில் நீர் வர நான் இரண்டாம் தடவை சோறு வாங்கியபோது மதினி கரண்டியோடு நின்று, "நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"அவன் சோத்தைத் திங்கட்டும். செத்த நேரம் பொறு" என்றார் அண்ணாச்சி.

"பஸ் ஸ்டாண்டுல எவனையோ கட்டிப் பிடிச்சாச்சு. இன்னும் என்னத்தைப் பொறுக்க?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மேசையின் விளிம்பை விரலால் தேடிவிட்டு வைத்தார். "சர்க்கரை கண்ணுல எறங்கிட்டுடே. மதுரைக்குப் போயி ஊசியெல்லாம் போட்டாச்சு. இப்ப வெளிச்சம் எது இருட்டு எதுன்னு தெரியும். ஒரு ஆளு நிக்கது தெரியும். எந்த ஆளுன்னு தெரியாது."

"படிக்கறதுங்க?"

"படிக்கவா?" என்று சிரித்தார். "அட்டையைத் தடவிக்கிட்டு இருக்கலாம்."

குழுவில் யாருக்கும் சொல்லவில்லையே என்றேன். "சொன்னா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதாலே?" என்றார்.

எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களைப்போல நல்லவர்களைப் பார்க்க முடியாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ரத்தம் கொடுக்க முதல் ஆளாக நிற்பார்கள். ஆனால் ஒருவர் செத்துப்போனால், துஷ்டி கேட்கப் போகிற வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நிமிரும்போது கண் நேராக அலமாரிக்குத்தான் போகும். பதினாறு முடிவதற்குள் யாராவது ஒருவர் மிகுந்த மரியாதையோடு, அந்தப் புத்தகங்களை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவிடுவார்.

"விருதுநகர்ல ஒரு வீட்டுல அப்பிடிக் கேட்டது யாருன்னு நெனைக்கே?" என்றார் அண்ணாச்சி. "நான்தான்டே. அந்தம்மா காப்பித் தம்ளரைக் கையில குடுத்துக்கிட்டே, எடுத்துட்டுப் போங்கண்ணேன்னா. எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு என் வீட்டுக்கும் வருவானுவ. நான் செத்த பொறவு வரட்டும், அது மொறைதான். உசுரோட இருக்கும்போதே, கண்ணு தெரியாதவருக்கு எதுக்கு அண்ணாச்சி புத்தகம்னு ஒருத்தன் கேட்டுட்டான்னு வையி. எங்கிட்ட பதில் இல்ல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அதனால ஞாயித்துக்கெழமை ஒரு நாளைக்கு எனக்குக் கண்ணு தெரியும்" என்றார். "நான் வாசல்ல நிப்பேன், மேசை மேசையாப் போவேன். எவனுக்கும் தெரியப்பிடாது. அதுக்குத் தோதா ஒரு எடம் பாக்கணும். அதுக்குத்தான் ஒன்னை வரச் சொன்னது."

"இவிய நடிக்கப் போறாவளாம். நீங்க பின்னால நின்னு வசனம் எடுத்துக் குடுக்கணுமாம்" என்றார் மதினி. "வீட்டுல சாமான் வாங்கணும்னா மாத்திரம் காது கேக்காத மாதிரி நல்லா நடிப்பாவ."

கை கழுவிவிட்டு வரும்போது வீட்டுக் கூடத்தில் வரிசையாக நின்ற இரும்பு பீரோக்களைப் பார்த்தேன். ஒன்று லேசாகத் திறந்திருந்தது. என் கண்ணும் அந்த இடுக்கு வழியாகத்தான் போனது. நல்ல பார்வையுள்ள கண்.

வெள்ளிக்கிழமை காலை உள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி அரங்கத்தைப் பார்த்தோம். நல்ல காற்று. கோபுரம் தெரிந்தது. ஆனால் படிக்கட்டு, கட்டிய கொத்தனாருக்கு யார்மேல் கோபமோ தெரியவில்லை, ஒரு படி உயரமும் அடுத்த படி குட்டையுமாக இருந்தது. அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தபடி பாதிவரை ஏறிவிட்டு நின்றார். காட்ட வந்த ஆசிரியரிடம், "இம்புட்டு காத்து ஆகாது சார். புத்தகம் பறந்துரும்" என்றார்.

அங்கிருந்து ராஜபாளையத்துக்கு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணாச்சி, வளைவு வந்ததும் இது இன்ன இடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேலைக்குப் போன காலமெல்லாம் இதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனவராம். "தூக்கத்துல பாத்ததுதானடே. இப்பவும் அப்பிடியே இருக்கு" என்றார்.

ராஜபாளையத்தில் ஒரு குளிரூட்டிய மண்டபம். வாசலில் கண்ணாடிக் கதவு. அதைத் துடைத்த புண்ணியவான் அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தான். அண்ணாச்சி எங்கே மோதிவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டு போன நான் முழு வேகத்தில் மோதினேன். மூக்கு வீங்கியது. அண்ணாச்சி அந்தச் சத்தத்தை வைத்துக் கதவு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, கையை நீட்டித் தள்ளித் திறந்து கம்பீரமாக உள்ளே போனார்.

உள்ளே வழுவழுவென்று தரை, நடுவில் எதற்கென்று தெரியாமல் இரண்டு படி இறக்கம், சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி. அண்ணாச்சி சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். கல்லாவில் இருந்த இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் கோபிப் பக்கத்திலும் தெலுங்கு பேசுகிற சனம் நிறைய. காதில் விழுந்தால் எனக்குப் புரியும். ஒருவர் சொன்னார்: "பொம்மைப் புத்தகத்துக்கு மாநாடாம். வயசைப் பாரு ரெண்டு பேருக்கும்." மற்றவர் சொன்னார்: "ஒருத்தருக்குக் கண் தெரியலை போலிருக்கு, சுவரைத் தடவறார்." முதல் ஆள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எவருக்கு? கதவுல முட்டினவருக்கா?"

அண்ணாச்சிக்கும் தெலுங்கு புரியும். மில்லில் பாதிப் பேச்சு அதுதான். வெளியே வந்ததும், "ஒன்னால தப்பிச்சேன்டே. மூக்குக்கு ஐஸ் வையி" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டான், பாத்தியா?" என்றார். அவர் விரல்கள் என் முழங்கையில் இறுகியிருந்தன.

சாப்பாட்டுக் கடையில் புரோட்டா. எங்கள் ஊரில் புரோட்டாவைப் பிய்த்துத் தின்போம். இங்கே அதை எண்ணெயில் முறுக வைத்து, நொறுக்கி, சால்னாவில் முக்கி, அது சமாதானம் ஆனபின் தின்கிறார்கள். அண்ணாச்சி சாப்பிடவில்லை. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாநாட்டையே நிறுத்தீருவோமுங்களா? காய்ச்சல்னு சொல்லிக்கலாம்" என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இன்னும் ஒரு எடம் இருக்கு. நீ சிரிக்கப்பிடாது."

அது பழைய மில் தெரு ஒன்றில் தொழிலாளர் சங்கத்து மன்றம். ஓட்டுக் கூரை, நீளமான ஒரே அறை. சுவரில் யாரோ பாதி அடித்துவிட்டு மறந்துபோன பச்சை வண்ணம். நடுவே கேரம் பலகைகள். பஞ்சுத் தூசியும் கேரம் பவுடரும் கலந்த ஒரு வாசனை. நான் சிரிக்கவில்லை. தும்மினேன்.

காவல் இருந்த ஞானமுத்து எழுந்து வந்தார். "யாரு, அண்ணாச்சியா? கூலிங்கிளாஸ் எல்லாம் போட்டு சினிமாக்காரன் கணக்கா வாரீய?"

"ஒங்க அழகைப் பாத்து கண்ணு கூசுது ஞானமுத்து" என்ற அண்ணாச்சி, நிலைப்படியைத் தாண்டியதும் என் முழங்கையை விட்டுவிட்டார்.

நான் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் போய்விட்டார். நேரே நடந்து, முதல் தூணை ஒட்டித் திரும்பி, மேற்குப் பக்க ஜன்னலின் கொக்கியில் சரியாகக் கை வைத்துத் தட்டித் திறந்தார். "இந்தக் கொக்கி இன்னும் மாத்தலியா ஞானமுத்து?" என்றார். பிறகு அடுத்த ஜன்னல். வெளிச்சம் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஷிப்ட் முடிந்து அவர் கேரம் ஆடிய இடம். எங்கே தரை பள்ளம், எந்த மூலையில் தண்ணீர்ப் பானை எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். காலையிலிருந்து கூனிக்கொண்டு வந்தவர் இங்கே நிமிர்ந்து நின்றார். முன்பு மாநாடுகளில் நான் பார்த்த ஆள்.

"அசிங்கமா இருக்கோ?" என்று கேட்டார்.

"அட்டை கிழிஞ்ச புத்தகமாட்டம் இருக்குதுங்க."

"உள்ள எல்லாப் பக்கமும் இருக்குல்லா" என்றார்.

சனிக்கிழமை அண்ணாச்சியை மன்றத்தில் விட்டுவிட்டு, பேனர் வாங்கவும் சாப்பாடு சொல்லவும் நான் தனியாக அலைந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், கண்டக்டர் தோளைத் தட்டும்போது புளியங்குடியில் இருந்தேன். "ராயபாளையம்னு தொண்டை கிழியக் கத்துனேன். நீங்க பால்கோவாவை மடியில வச்சுக் குழந்தை மாதிரி தூங்குதிய" என்றார் அவர். தூங்கிக்கொண்டே சரியான இடத்தில் இறங்குவதற்கு எத்தனையோ வருடப் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது.

திரும்பி மன்றத்துக்கு வருவதற்குள் சாயங்கால வெயில் வந்துவிட்டது. ஞானமுத்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளுக்கு நடுவே அண்ணாச்சி மட்டும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் நின்றார். கையை நீட்டி, இல்லாத புத்தகத்தை வாங்கினார். தலை குனிந்து பார்த்தார். "அடடே, இதை எங்கவே புடிச்சீரு? முதுகு கூட மடங்காம இருக்கே?" என்றார். கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். "வாங்க தம்பி, ராத்திரி பயணமா? தூங்குனீயளா?"

மூன்றாவது மேசைக்குப் போகும்போது, வரிசையிலிருந்து விலகிக் கிடந்த ஒரு நாற்காலியில் முழங்கால் இடித்தது. விழவில்லை. குனிந்து அதைத் தடவி, எது என்று தெரிந்துகொண்டு, இழுத்து வரிசையில் வைத்தார். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். "வாங்க, வாங்க."

நான் சத்தம் போடாமல் தெருவுக்கு வந்து, ஒரு நிமிடம் நின்று, பெரிதாகத் தும்மிவிட்டு உள்ளே போனேன்.

"நாற்காலிதான்டே எமன்" என்றார் அண்ணாச்சி. "மேசை நகராது, தூண் நகராது. நம்ம ஆளுக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு வட்டமா உக்காருவானுவ. அதோட நான் முடிஞ்சேன்."

ஞானமுத்துவிடம் மில் கழிவு நூல் கேட்டேன். ஒரு சாக்கு கொண்டுவந்து போட்டார். நூலை முறுக்கிக் கயிறாக்கி, ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலிக் கால்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டினேன். எதற்கு என்று ஞானமுத்து கேட்கவில்லை. அண்ணாச்சி தண்ணீர்ப் பானைப் பக்கம் போனபோது, "முடிச்சு தொளதொளன்னு இருக்கு. தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் அண்ணாச்சி. பக்கத்தில் நான், தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, கையில் தண்ணீர்ப் பானை மூடியைக் கேடயமாகப் பிடித்து, கூத்துக் கட்டியங்காரன் வேடத்தில். வருடா வருடம் ஏதாவது கோமாளித்தனம் செய்கிறவன் என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆள் தெருமுனையில் திரும்பியதும் ஆரம்பித்துவிடுவேன். "சேலம் நாட்டு மன்னர், தலையில் முடி குறைந்தாலும் பையில் புத்தகம் குறையாதவர், நீலச் சட்டை நித்தியானந்தர் வருகிறார், பராக்." அண்ணாச்சி கையை நீட்டி, "வாங்க நித்தி, நீலம் ஒங்களுக்கு எடுப்பா இருக்கு" என்பார். எனக்கு நாற்பத்தேழு வருடமாக வாய்த்திருக்கிற ஒரே திறமை ஒருவருக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

மேசைகளிலும் அப்படியே. யார் எதைக் காட்டினாலும் நான் முந்திக்கொண்டு, "அய்யோ, செவப்புச் சட்டைக்காரன் பாலத்துல தொங்கறானே, கீழே முதலை வேற வாயைத் திறந்துட்டு இருக்குதே" என்று அலறுவேன். அது எந்தப் புத்தகம் என்று அண்ணாச்சிக்கு விளங்கிவிடும். எந்த வருடத்துத் தீபாவளிக்கு வந்தது, அதில் எந்தப் பக்கத்தில் மை அப்பியிருக்கும் என்று சொல்வார். கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள்.

மதுரை ஜெயக்கொடி மட்டும் நாற்காலியை இழுத்துப் பார்த்தார். எங்கள் குழுவில் மூத்தவர், கண்ணில் எதுவும் தப்பாது. ஒன்றை இழுத்தால் வரிசையே கூட வந்தது. "என்னப்பா இது? நாற்காலியைக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"ராஜபாளையமுங்க. நாய்க்கு அடுத்தபடியா நாற்காலியத்தான் கட்டிப்போடறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே குனிந்து முடிச்சைப் பார்த்தார்.

மத்தியானம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும். கடைசியில் பால்கோவா. ஒருவர் அண்ணாச்சியின் வாயில் ஊட்டிவிட்டார். நான் தடுப்பதற்குள் விழுங்கிவிட்டார். "மதினி கொன்னுருவாங்க" என்று காதில் சொன்னேன். "இனிமே சர்க்கரை வந்து என்னத்தை எடுத்துட்டுப் போகப் போகுது?" என்றார், அவரும் காதில்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயக்கொடி எழுந்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். அண்ணாச்சியின் கதை ஒன்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் வைத்து ஒரு குதிரைக்காரன் கதை படித்துக்கொண்டிருந்தபோது, வாத்தியார் பாதியில் பிடுங்கிக்கொண்டு போனார். அந்தப் புத்தகம் அதற்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவே இல்லை. குதிரைக்காரன் என்ன ஆனான் என்று தெரியாமலேயே வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, ஓய்வும் பெற்றுவிட்டார். புத்தகத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் விலை ஏறும்.

தேனியில் ஒரு பழைய பேப்பர்க் கடையில் ஜெயக்கொடிக்கு அது கிடைத்திருக்கிறது. பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "குழு சார்பா" என்று சொல்லி அண்ணாச்சியின் கையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு வசனம் வரவில்லை.

அண்ணாச்சி துணியைப் பிரித்தார். அட்டையைத் தடவினார், முகர்ந்தார். திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மன்றமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். படிக்கிறவன் ஒரு பக்கத்தில் நிற்பான், ஒரு பக்கத்தைத் தாண்டுவான், தாண்டியதற்குத் திரும்பி வருவான். அண்ணாச்சி எல்லாப் பக்கத்தையும் ஒரே வேகத்தில் திருப்பினார், வெற்றிலை அடுக்குகிறவரைப்போல.

"குதிரைக்காரன் என்ன ஆனான் அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வீட்டுல போயிப் படிக்கேன்டே. இங்கயே முடிச்சிட்டா ராத்திரிக்கு என்ன செய்ய?" என்றார். கைதட்டல். கூடவே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயக்கொடி கைதட்டவில்லை. அவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஜெயக்கொடியை பஸ் ஏற்றிவிட நான் போனேன். நிறுத்தத்தில் நின்றபடி கேட்டார்: "அண்ணாச்சிக்கு எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படிங்க? அவரு பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க."

"விளையாடாதீங்க குமரேசன்."

நான் விளையாடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அந்தப் பழைய வரிசை அவர்கிட்ட முழுசா இருக்குல்ல? குடுக்குற எண்ணம் எப்பவாச்சும் வந்தா, மொத வார்த்தை எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. வேற யாரும் நல்லா வச்சிக்க மாட்டாங்க." அப்போதும் அவர் கண்ணில் நீர் இருந்தது.

திங்கட்கிழமை காலை மடவார் வளாகத்து வீட்டில் அண்ணாச்சி புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் காப்பித் தம்ளரை எடுக்கும்வரை காத்திருந்து கேட்டார்: "எவன் கேட்டான்?"

"என்னதுங்க?"

"ஒனக்குப் பொய் சொல்ல வராதுடே. வேடம் மட்டுந்தான் வரும்."

"மதுரைக்காரருங்க."

"எப்பிடிக் கேட்டான்?"

"மரியாதையாத்தானுங்க கேட்டாரு."

தலையை ஆட்டினார். "நானும் மரியாதையாத்தான் கேட்டேன்" என்றார். புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "ஒன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குல்லா. படி."

காமிக்ஸை வாய்விட்டுப் படித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் பாடு புரியும். "மொதல் கட்டத்துல ஒரு ஆளு நிக்கறானுங்க" என்றேன்.

"எப்பிடி நிக்கான்?"

"காலாலதானுங்க."

"மூதி. ஒழுங்காச் சொல்லு."

ஒழுங்காகச் சொல்ல முயன்றேன். தொப்பியின் நிழல் அவன் கண்ணை மறைக்கிறது, குதிரை காதை முன்னால் மடக்கியிருக்கிறது, பாறைக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி முனை மட்டும் தெரிகிறது. நான் எத்தனை புத்தகங்களைப் பார்க்காமலே படித்து முடித்திருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது. "கறுப்பு வெள்ளைதானலே?" என்று நடுவில் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப பாதிதான் நட்டம்" என்றார்.

குதிரைக்காரன் ஆற்று வெள்ளத்தில் இறங்குகிற பக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இங்கதான்டே வாத்தியாரு புடுங்குனாரு."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெளியே ஆட்டோ வந்து நின்றது. புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தபோது, அடுப்படியிலிருந்து மதினி கேட்டார்: "அந்தக் குதிரை ஆத்துல போயிருச்சா, கரையேறிட்டா?"

"ஒனக்கு எதுக்குட்டி அது?" என்றார் அண்ணாச்சி.

"காதுல விழுந்தது, கேட்டேன்."

கரூரை நெருங்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. போன் அடித்தது. "கொமரேசா, இந்த நியாயத்தைக் கேளு" என்றார் அண்ணாச்சி. "இவ வாசிக்கேன்னு உக்காந்தா. பேச்சை மட்டும் வாசிக்கா, படத்தைச் சொல்ல மாட்டேங்கா. அவன் இப்பிடிச் சொன்னான், இவன் அப்பிடிச் சொன்னான்னு, கோர்ட்டுல சாட்சி சொல்லுதது மாதிரி இருக்கு."

போனை மதினி வாங்கினார். "நீங்களே சொல்லுங்க. இந்தப் பக்கத்துல எழுத்தே இல்ல. என்னத்தை வாசிக்க? தள்ளிட்டுப் போயிட்டேன். அதுக்குச் சண்டை." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "மத்தியானம் மதுரைக்காரரு கூப்பிட்டாரு. என்னமோ தயங்கித் தயங்கிப் பேசுனாரு. இப்பத்தான் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம், பீரோவுல எம்புட்டோ கெடக்கு, எல்லாம் முடியட்டும்னு சொல்லிட்டேன். சரிதானா?"

"சரிதானுங்க மதினி." போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன். "அந்தப் பக்கத்துல என்னங்க இருக்குது?"

"மழை. வேற என்ன?"

"அதை அவருகிட்டச் சொல்லுங்க."

மதினி போனை அணைக்காமல் எங்கேயோ வைத்தார். நானும் அணைக்கவில்லை. தாள் திரும்புகிற சத்தம் கேட்டது.

"மழை பெய்யுது" என்றார் மதினி.

"எம்புட்டு மழை?"

"அய்யனார் கோவில் பக்கம் பெய்யும்லா, மலையே தெரியாம. அந்த மாதிரி."

"அவன்?"

"நடந்து போறான். முதுகுதான் தெரியுது."

"குதிரை?"

மதினி அந்தப் பக்கம் முழுவதையும் தேடியிருக்க வேண்டும்.

"குதிரை இல்லைங்க" என்றார்.

மதினிதான் கேட்டார்: "அடுத்த பக்கம் திருப்பட்டா?"

"வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "செத்த நேரம் மழையிலயே இருப்போம்."